சிவப்பு வளையமும் இல்லை, ரத்தப் பரிசோதனையும் இல்லை: பத்து நாள் மாத்திரை போதுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். பென்சில்வேனியாவில், பிலடெல்ஃபியாவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதைத் தாண்டினால் காடு. என் மாமனார் ஏப்ரலில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கிறார். வயது 68, சர்க்கரையும் பிபியும் உண்டு. சும்மா உட்கார மாட்டார். பின்பக்கம் கத்தரி, வெண்டை, தக்காளி என்று பாத்தி கட்டிவிட்டார். ஜூன் தொடக்கத்தில் அவருடைய இடது முழங்காலுக்குப் பின்புறம் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. மச்சம் என்று விட்டுவிட்டோம். மறுநாள் உற்றுப் பார்த்தால் கால்கள் தெரிகின்றன, உண்ணி! விரலாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். ஒன்பது, பத்து நாள் கழித்து அதே இடத்தில் கன்றிப்போன மாதிரி ஒரு படை. அரிப்பில்லை, வலியில்லை. லேசான காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தன. முதலில் பார்த்த கிளினிக்கில், எங்காவது இடித்துக்கொண்டிருப்பார் அல்லது பூஞ்சைத் தொற்றாக இருக்கும் என்று களிம்பு கொடுத்தார்கள். நெட்டில் பார்த்த படங்களில் எல்லாம் சிவப்பு வளையம் இருந்தது, இவருக்கு அப்படி இல்லை என்பதால் நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். படை பெரிதாகிக்கொண்டே போனது. நான்கு நாள் கழித்து வேறொரு டாக்டரிடம் காட்டினோம். பார்த்த உடனே லைம் நோய் என்றார், உண்ணிக் கடியால் வரும் கிருமித் தொற்றாம். ரத்தம்கூட எடுக்கவில்லை. டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று, பத்து நாளைக்குக் கொடுத்தார். இது போதுமா? மாதக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டும் என்று என் தோழி சொல்கிறாள். பேரப்பிள்ளைகள் தாத்தாவோடுதான் தூங்குகிறார்கள், அவர்களுக்கு ஒட்டிக்கொள்ளுமா? ஜூலைக் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார். அங்கே போன பிறகு ஏதாவது வந்தால் யாரிடம் காட்டுவது? மாமாவோ, ‘தொழுவத்தில் நான் பார்க்காத உண்ணியா’ என்று சிரிக்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. (படங்கள் இணைத்திருக்கிறேன்.)

— ஒரு மருமகள், பென்சில்வேனியா

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது டாக்டர் செய்தது சரி. ரத்தம் எடுக்காததும் சரி, பத்து நாள் மாத்திரையும் சரி. இந்தக் கட்டத்தில் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு முழுசாகக் குணமாகிவிடும். பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டாது. மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் முடிக்கச் சொல்லுங்கள்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில் அந்தப் படையைப் பற்றி. நம்மவர்களுக்கு அவசியம் தெரிய வேண்டியதும், தெரியாமல் போவதும் அதுதான்.

நீங்கள் அனுப்பிய மூன்று படங்களில் இரண்டாவது அருமையான படம். படையின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி எடுத்திருக்கிறீர்கள். இரண்டு நாள் கழித்து எடுத்த மூன்றாவது படத்தில் படை அந்தக் கோட்டை எல்லாப் பக்கமும் தாண்டி ஒரு உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. நோயைச் சொன்னது இதுதான். லைம் நோயின் படை நாளுக்கு நாள் விரியும். எரித்திமா மைக்ரான்ஸ் என்று இதற்குப் பெயர். கடித்து 3 நாளிலிருந்து 30 நாளுக்குள், பெரும்பாலும் ஒரு வாரத்தில் தொடங்கும். விரிந்து விரிந்து 30 செ.மீ. வரைகூடப் போகும். தொட்டால் கொஞ்சம் சூடாக இருக்கலாம். அரிப்பும் வலியும் அநேகமாக இருக்காது. இதே இடத்தில் கடித்த அன்றோ மறுநாளோ சின்னதாகச் சிவந்து, அரித்து, இரண்டொரு நாளில் மறைந்துவிட்டால் அது லைம் இல்லை. பூச்சியின் எச்சிலுக்குத் தோல் காட்டும் எதிர்ப்பு, அவ்வளவுதான்.

நெட்டில் பார்த்த சிவப்பு வளையத்துக்கு வருவோம். நடுவில் சிவப்பு, சுற்றி வெளுப்பு, அதற்கு வெளியே மறுபடி சிவப்பு என்று குறிபார்க்கும் பலகை மாதிரி இருப்பது இந்தப் படையின் ஒரு வகை மட்டுமே. வளையமே இல்லாமல் ஒரே சீராகப் படர்வதை நிறையப் பார்க்கிறோம். அதோடு, அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் மாநிறத்திலும் கறுப்புத் தோலிலும் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. மங்கிய ஊதாவாக, பழுப்பாக, அடிபட்டுக் கன்றின மாதிரித்தான் தெரியும். அதனால்தான் முதல் கிளினிக்கில் ‘இடித்துக்கொண்டிருப்பார்’ என்றார்கள். கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கு இந்த நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது அமெரிக்க மருத்துவத்தில் தெரிந்த குறைதான். படை கண்ணில் படாமல் போய், நோய் மூட்டுக்கோ நரம்புக்கோ போன பிறகு பிடிபடுவது அவர்களிடம் அதிகம். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் தவிர்க்கக்கூடியது. வெயில் காலத்தில் உங்கள் பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நிறத்தைத் தேட வேண்டாம். படை விரிகிறதா என்று பாருங்கள். புறங்கையால் தொட்டுச் சூட்டைப் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பாருங்கள். பேனாவால் கோடு போடுங்கள். டாக்டரிடம் போகும்போது ‘இது நேற்று இவ்வளவு இருந்தது, இன்று இவ்வளவு’ என்று படத்தைக் காட்டுங்கள். நீங்கள் காட்டியது மாதிரி.

படையே வராதவர்களும் உண்டு. நூறு பேரில் எழுபது எண்பது பேருக்குப் படை வரும். மற்றவர்களுக்குக் காய்ச்சல், தலைவலி, களைப்பு, கழுத்து இறுக்கம், மூட்டு வலி என்று கோடையில் வந்த ஃப்ளூ மாதிரி இருக்கும். அவர்களைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம்.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. லைம் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது ரத்தத்தில் கணக்கில் வரும் அளவுக்குச் சேரச் சில வாரம் ஆகும். படை தெரியும் முதல் வாரங்களில் பரிசோதனை செய்தால் பாதிக்கும் மேற்பட்ட நேரம் ‘இல்லை’ என்றே வரும், நோய் இருந்தும்! அந்தத் தாளை நம்பி மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் லைம் பரவியிருக்கும் இடத்தில், இந்த மாதிரிப் படையைக் கண்ணால் பார்த்தால் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் மருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் முறை. பரிசோதனையின் பயன் பின்னால் வருகிறது. படை இல்லாமல், சில வாரமோ மாதமோ கழித்து முகம் கோணினாலோ, மூட்டு வீங்கினாலோ அப்போது எடுக்க வேண்டும். இரண்டு கட்டமாகச் செய்வார்கள். முதல் கட்டத்தில் உண்டு என்று வந்தால் இரண்டாவதைச் செய்து உறுதிப்படுத்துவார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். நோய் குணமான பிறகும் ஆன்டிபாடி பல வருஷம் ரத்தத்தில் இருக்கும். பத்து நாள் மாத்திரை முடிந்த பிறகு ‘போய்விட்டதா பார்க்கலாம்’ என்று பரிசோதனை எடுத்து, ‘பாசிட்டிவ்’ என்று வந்து, வீடே கலங்கிப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எடுக்காதீர்கள். குணமானதை உடம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சரி, மாமாவின் சிரிப்புக்கு வருகிறேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தொழுவத்தில் மாட்டு மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் உண்ணியும், தெரு நாயின் காதுக்குள் கொத்தாக இருக்கும் உண்ணியும் வேறு இனம். அவை லைம் கிருமியைக் கடத்துவதில்லை. பென்சில்வேனியாவில் அவரைக் கடித்தது கருங்கால் உண்ணி. மான் உண்ணி என்றும் சொல்வார்கள். ஊரில் பார்த்த உண்ணி ரத்தம் குடித்து மொச்சைக்கொட்டை அளவுக்கு உப்பியிருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். இதன் இளம் பருவம் கசகசா அளவுதான். அந்த இளம் உண்ணிதான் மே முதல் ஜூலை வரை சுறுசுறுப்பாக இருக்கும். மனிதர்களுக்கு லைம் பெரும்பாலும் அதனிடமிருந்துதான் வருகிறது. கடித்தால் வலிக்காது, அரிக்காது. நீங்கள் மச்சம் என்று நினைத்ததில் ஆச்சரியமே இல்லை.

இந்த உண்ணிக்கு வாழ்க்கை ஏறத்தாழ இரண்டு வருஷம். முட்டையிலிருந்து ஆறு காலோடு குஞ்சு வரும். குஞ்சிடம் கிருமி இருக்காது. தாய் உண்ணி முட்டை வழியாக லைமைக் கொடுப்பதில்லை. குஞ்சு முதல் ரத்தத்தைப் பெரும்பாலும் வெண்பாதச் சுண்டெலியிடம் குடிக்கிறது. கிருமி அந்தச் சுண்டெலியின் உடம்பில்தான் வாழ்கிறது. அங்கிருந்து தொற்றிக்கொண்டு, தோல் உரித்து, எட்டுக் காலோடு இளம் உண்ணியாகி, அடுத்த ரத்தத்துக்காகக் காத்திருக்கும். வளர்ந்த உண்ணி மானைத் தேடுகிறது. மான் நிறைய இருந்தால் உண்ணி பெருகும். ஆனால் மானின் உடம்பு இந்தக் கிருமிக்கு இடம் கொடுப்பதில்லை. கிருமியை உண்ணிக்குக் கொடுப்பது எலிதான். காட்டோரத்தில் வீடு, வேலியோரம் கல்லடுக்கும் விறகடுக்கும், அதில் எலி, மாலையில் புல் மேய வரும் மான் என்று அமெரிக்காவின் வடகிழக்குப் புறநகர்கள் இந்த உண்ணிக்கென்றே அமைந்துவிட்டன.

இது பறக்காது, குதிக்காது, மரத்திலிருந்து விழாது. புல் நுனியிலோ சருகிலோ முன்னங்கால்களை நீட்டியபடி நிற்கும். நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் உணரும் உறுப்பு அந்த முன்னங்காலில்தான் இருக்கிறது. உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொள்ளும். பிறகு மேலே ஊர்ந்து போய், தோல் மெல்லியதாக, மறைவாக இருக்கும் இடத்தைத் தேடும்: முழங்காலின் பின்புறம், தொடை இடுக்கு, இடுப்புத் துணி இறுகும் இடம், தொப்புள், அக்குள், காதின் பின்புறம், தலைமுடி. பாத்தியில் குந்தி உட்கார்ந்து களை எடுப்பவருக்கு முழங்காலின் பின்புறம் ஏன் கடித்தது என்று இப்போது புரியும்.

கடித்த நிமிஷமே கிருமி உடம்புக்குள் போய்விடாது. கிருமி உண்ணியின் குடலில் இருக்கிறது. ரத்தம் உள்ளே வந்த பிறகுதான் பெருகி, எச்சில் சுரப்பிக்கு நகர்ந்து, எச்சிலோடு வெளியே வரும். இதற்குப் பொதுவாக 24 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே தினமும் ஒருமுறை உடம்பைத் தடவிப் பார்த்து உண்ணியை எடுத்துவிட்டால் பெரும்பாலான லைம் வராமலே போகும். மாமாவுக்கு முதல் நாள் புள்ளி தெரிந்து மறுநாள்தான் எடுத்தீர்கள். அந்த ஒரு இரவு அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

எடுக்கும் விதமும் முக்கியம். விரலால் பிடுங்கினால் உண்ணியின் வயிறு நசுங்கும். கூர்முனை உள்ள ட்வீசரால், தோலை ஒட்டி, அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக மேல்நோக்கி இழுக்க வேண்டும். வாய்ப்பகுதி கொஞ்சம் தோலுக்குள் தங்கிவிட்டால் ஊசி வைத்துக் கிளற வேண்டாம். தானாக வெளியே வந்துவிடும். எடுத்த பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அல்லது ஸ்பிரிட் தடவுங்கள். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, வாஸ்லின், நெயில் பாலிஷ், ஊதுபத்திச் சூடு எதுவும் வேண்டாம். இவற்றுக்கு உண்ணி விட்டுவிடும் என்று காத்திருக்கும் நேரமெல்லாம் அது எச்சிலை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். எடுத்த உண்ணியை நகத்தால் நசுக்காமல் செல்லோடேப்பில் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். எந்த இனம் என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். கருங்கால் உண்ணிதான், 36 மணி நேரத்துக்கு மேல் ஒட்டியிருந்திருக்கிறது, எடுத்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால், பெரியவர்களுக்கு 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் ஒரே வேளை கொடுத்து நோய் வராமல் தடுக்க முயலலாம். மாமாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. அடுத்த முறை வீட்டில் யாரையாவது கடித்தால் அன்றே டாக்டரைக் கூப்பிட்டு இதைக் கேளுங்கள்.

இந்த நோய்க்குப் பெயர் வந்த கதையை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன், உங்கள் பேனாக் கோட்டைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்று ஒரு ஊர். 1970களில் அங்கே பல குழந்தைகளுக்கு முழங்கால் வீங்கியது. குழந்தைகளுக்கு வரும் ஒருவகை மூட்டுவாதம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். பாலி மரே என்ற தாய் தன் வீட்டில் யாருக்கு என்ன, எப்போது வந்தது என்று எழுதி எழுதி வைத்திருந்தார். 1975இல் அவரும் இன்னொரு தாயும் தனித்தனியாக மாநிலச் சுகாதாரத் துறைக்கும் யேல் பல்கலைக்கழக மருத்துவர்களுக்கும் முறையிட்டார்கள். யேலிலிருந்து ஆலன் ஸ்டீர் வந்து பார்த்தார். லைமிலும் பக்கத்து ஊர்களிலும் 39 குழந்தைகள், 12 பெரியவர்கள் என்று 51 பேரைக் கண்டுபிடித்து, 1977இல் ‘லைம் மூட்டுவாதம்’ என்று எழுதினார். நியூயார்க் மாநிலத்து ஷெல்டர் தீவிலிருந்து கொண்டுவந்த உண்ணிகளின் குடலுக்குள், சுருள் வடிவில் நெளியும் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் பார்த்தது 1981இல். பொரீலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரிலேயே அந்தக் கிருமி இருக்கிறது. வீட்டில் ஒருவர் தேதி போட்டுக் குறித்து வைப்பது டாக்டருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி மருந்து. டாக்ஸிசைக்ளின் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்து விழுங்கச் சொல்லுங்கள். இரவு மாத்திரையைப் போட்டதும் படுத்துவிடக் கூடாது, அரைமணி நேரமாவது நிமிர்ந்து இருக்க வேண்டும். உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் புண்ணாக்கிவிடும். பெரியவர்கள் ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டு அப்படியே சாய்வதுதான் வழக்கம், அதனால் சொல்கிறேன். பாலோடு போட வேண்டாம். கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெல் எதையும் அதே நேரத்தில் கொடுக்கக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். சேர்த்துக் கொடுத்தால் மருந்து ரத்தத்தில் சேராது. வெயிலில் தோல் சட்டென்று வெந்துவிடும், அதனால் பத்து நாளும் தோட்டத்துக்கு முழுக்கைச் சட்டையும் தொப்பியும் வேண்டும், அல்லது காலை, மாலை மட்டும் போகட்டும். சர்க்கரை மாத்திரை, பிபி மாத்திரைகளை நிறுத்த வேண்டியதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றால் மட்டும் டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள். முதல் கிளினிக்கில் கொடுத்த களிம்பை நிறுத்திவிடலாம். அது இந்தப் படையை ஒன்றும் செய்யாது.

மருந்து தொடங்கிய முதல் நாளில் காய்ச்சலும் குளிரும் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம். கிருமி மொத்தமாகச் சாகும்போது சிலருக்கு அப்படி ஆகும், ஒரு நாளில் அடங்கிவிடும். ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடக் கூடாது.

டாக்ஸிசைக்ளின் எல்லாருக்கும் ஆகாது. கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக அமாக்ஸிசிலின் கொடுப்பார்கள், 14 நாள். குழந்தைகளுக்கும் அதைக் கொடுக்கலாம். எட்டு வயதுக்குக் கீழே டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பல் கறையாகும் என்று முன்பு தவிர்த்தார்கள். குறுகிய நாள் கொடுப்பதில் அந்தப் பயம் வேண்டியதில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் இப்போது ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மாமாவின் வயதுக்கும் உடம்புக்கும் சில விஷயங்களில் கண் வைத்திருங்கள். இந்தக் கிருமி சிலருக்கு ரத்தத்தில் கலந்து இதயத்தைத் தொடும். இதயத்துக்குள் துடிப்பைக் கடத்தும் பாதை தடைபட்டு, துடிப்பு மெதுவாகிவிடும். நோயாளிகளில் நூற்றில் ஒருவருக்குத்தான் இப்படி வருகிறது, ஆனால் வந்தால் உயிருக்கே ஆபத்து. எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், மயக்கம், படபடப்பு, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்குதல் எது இருந்தாலும் ‘வயசாகிவிட்டது, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று அவர் சொல்வதைக் கேட்காதீர்கள். நேராக எமர்ஜென்சி. லைம் என்று சொல்லி ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அப்படி வந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் சில நாளில் துடிப்பு சரியாகிவிடும்.

முகம் ஒரு பக்கம் கோணுவதும் உண்டு. ஊரில் ‘காற்று அடித்துவிட்டது’ என்பார்கள். லைம் அந்த முக நரம்பையும் தாக்கும். ஆனால் சர்க்கரையும் பிபியும் இருக்கும் 68 வயதுக்காரருக்குத் திடீரென்று முகம் கோணினால் முதலில் பக்கவாதமா என்றுதான் பார்க்க வேண்டும், 911க்கு அழையுங்கள். அது இல்லை என்று உறுதியான பிறகு லைமைப் பற்றிப் பேசலாம்.

இதே உண்ணி வேறு கிருமிகளையும் சுமக்கும். அதில் ஒன்று பபீசியா. மலேரியாக் கிருமி மாதிரி ரத்தச் சிவப்பணுக்குள் போய் உட்காரும். டாக்ஸிசைக்ளினுக்குக் கட்டுப்படாது. வயதானவர்களையும் மண்ணீரல் இல்லாதவர்களையும் கடுமையாகத் தாக்கும். மாத்திரை தொடங்கி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, சிறுநீர் கறுத்துப் போகிறது, கண் மஞ்சளாகிறது என்றால் டாக்டரிடம் ‘பபீசியா பார்க்க வேண்டுமா?’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மற்றபடி களைப்பும் உடம்பு வலியும் பத்து நாளில் முழுசாகப் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிருமி போன பிறகும் உடம்பு தேறச் சில வாரம் எடுக்கும்.

உங்கள் தோழி சொன்னதற்கு இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. லைம் வந்து சிகிச்சை முடித்த நூறு பேரில் ஐந்திலிருந்து பத்துப் பேருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் களைப்பு, உடம்பு வலி, நினைவுத் தடுமாற்றம் இருக்கிறது. அது மனப் பிரமை இல்லை, நிஜமான துன்பம். ஏன் வருகிறது என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் இவர்களுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து முறைப்படி சோதித்துப் பார்த்தாயிற்று. மாத்திரையானாலும் நரம்பு வழியானாலும் நிலைத்த பலன் இல்லை. கெடுதல் உண்டு. நரம்பில் நாள்பட வைத்த குழாய் வழியாகத் தொற்று ஏறி இறந்தவர்களே உண்டு. ‘நாள்பட்ட லைம்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு மருந்து ஏற்றும் இடங்கள் இருக்கின்றன. காப்பீடும் கொடுக்காது. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் பெரியவரை அங்கே தயவுசெய்து கூட்டிப் போகாதீர்கள். ஆரம்பப் படைக்குப் பத்து நாள் போதும் என்பது பல ஆய்வுகளில் தேறிய அளவு. மூட்டு வீங்கும் கட்டத்தில்தான் 28 நாள் மாத்திரை.

பேரப்பிள்ளைகள் தாத்தாவோடு தாராளமாகத் தூங்கட்டும். லைம் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடுவதாலோ, எச்சிலாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ வராது. ஆனால் அவர்களும் அதே புல்வெளியில்தானே விளையாடுகிறார்கள்? குளிப்பாட்டும்போது நான் மேலே சொன்ன இடங்களை எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள், தலைமுடியைச் சேர்த்து. வெளியிலிருந்து வந்த துணியைத் துவைக்குமுன் டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிஷம் ஓட விடுங்கள். தண்ணீருக்குச் சாகாத உண்ணி காய்ந்த சூட்டுக்குச் செத்துவிடும்.

மாமாவைத் தோட்டத்திலிருந்து பிரிக்க வேண்டாம். அவருக்கு அங்கே பொழுது போவதே அதில்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவது மட்டும் வேண்டாம். வெளிர் நிற பேண்ட், அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிவிட வேண்டும். ஊர்ந்து ஏறும் உண்ணி வெளிர் துணியில் கண்ணுக்குத் தெரியும். துணிக்கும் செருப்புக்கும் 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்துக் காயவைத்துப் போடலாம், தோலில் படக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அதைக் கிட்டே விடாதீர்கள், பூனைக்கு அது விஷம். தோலுக்கு டீட் அல்லது பிகாரிடின் உள்ள பூச்சிவிரட்டி தடவலாம். புல்வெளி காட்டைத் தொடும் ஓரத்தில் மூன்றடி அகலத்துக்கு மரச்சீவலோ ஜல்லியோ போட்டுவிட்டால் உண்ணி தாண்டி வருவது குறையும். பாத்தியையும் காட்டோரத்திலிருந்து தள்ளி, வெயில் படும் நடுப் புல்வெளிக்கு மாற்றினால் கத்தரிக்கும் நல்லது. வேலை முடிந்து வந்து இரண்டு மணி நேரத்துக்குள் குளியல்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்று நினைக்க வேண்டாம். அடுத்த கோடையிலும் கடிக்கலாம், புதிதாகவே வரலாம். மனிதர்களுக்கு 1998இல் வந்த தடுப்பூசியை 2002இல் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

கடைசியாக ஊருக்குப் போகும் விஷயம். சிகிச்சை எடுக்காமல் விட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சில மாதத்தில் மூட்டு வீங்கியது என்று பழைய ஆய்வுகள் சொல்கின்றன. பெரும்பாலும் முழங்கால்தான். வலியைவிட வீக்கம் பெரிதாக இருக்கும். மாமாவுக்குச் சரியான நேரத்தில் மருந்து கிடைத்துவிட்டதால் இதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அக்டோபரிலோ டிசம்பரிலோ முழங்கால் பொதபொதவென்று வீங்கி, அவர் திருநெல்வேலியில் ஒரு எலும்பு மருத்துவரிடம் போனால், ‘மூட்டுத் தேய்மானம்’ அல்லது ‘யூரிக் ஆசிட்’ என்றுதான் முதலில் தோன்றும். அந்த மருத்துவரைக் குறை சொல்ல முடியாது, லைம் அங்கே பார்க்கும் நோய் இல்லை. ஆகவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்: பென்சில்வேனியாவில் உண்ணி கடித்த தேதி, படை தெரிந்த தேதி, மாத்திரையின் பெயர், அளவு, தொடங்கிய நாள், முடித்த நாள். அந்த மூன்று படங்களையும் அச்செடுத்துச் சேர்த்து வையுங்கள். பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தால் தொலையாது.

ஊரில் திரும்ப வயலுக்கும் தொழுவத்துக்கும் போவார். அங்கே காய்ச்சல் வந்தால் லைமை நினைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். மழைக்காலத்தில் தமிழ்நாட்டில் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் வருகிறது. புதர்களில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், அதுவும் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில். அதற்கும் இதே டாக்ஸிசைக்ளின்தான் மருந்து, தாமதித்தால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். மூன்று நாளைக்கு மேல் காய்ச்சல் நின்றால், உடம்பு முழுக்கப் பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அரசு ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம். அங்குள்ள மருத்துவர்களுக்கு இந்தக் காய்ச்சல் நன்றாகவே தெரியும். மீதமிருக்கும் மாத்திரையை எடுத்து அவராகவே போட்டுக்கொள்ளக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். பத்து நாள் மாத்திரையைச் சரியாக முடித்திருந்தால் மீதம் இருக்கவே கூடாது.